கோடை விடுமுறையில் ஒரு கதைப் பட்டறை: ஐந்து நாள் நடத்த முழுமையான வழிகாட்டி

பிள்ளைகளுக்குக் கதை சொல்ல நிறையப் பேர் வருகிறார்கள். பிள்ளைகளிடம் கதை கேட்கத்தான் ஆள் குறைவு. 'கதைப் பட்டறை' என்று தட்டி வைத்துவிட்டு, பெரியவர் ஒருவர் குரலை மாற்றி மாற்றி இரண்டு மணி நேரம் கதை சொல்லி, கடைசியில் "இந்தக் கதையிலேர்ந்து என்ன தெரிஞ்சுக்கிட்டோம்?" என்று கேட்டு முடிப்பதுதான் பல இடங்களில் நடக்கிறது. அது நல்ல கதை நேரம்தான். ஆனால் பட்டறை என்றால் வேலை பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். ஐந்தாம் நாள் வீட்டுக்குப் போகும்போது ஒவ்வொரு பிள்ளையிடமும் தானே கட்டிய கதை, தன் பேச்சிலேயே எழுதப்பட்டு, ஒரு சிறு புத்தகமாக இருக்க வேண்டும். அதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

இடம், ஆள், நேரம்

7 முதல் 12 வயது வரை ஒரு குழு, 13 முதல் 17 வரை தனிக் குழு. இரண்டையும் ஒன்றாக உட்கார வைத்தால் சின்னவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், பெரியவர்கள் கூச்சப்படுவார்கள். ஒரு குழுவில் 20 பேருக்கு மேல் வேண்டாம். நடத்துவதற்கு இரண்டு பேர், கூடவே பிள்ளைகள் சொல்வதை எழுதிக்கொள்ளக் கல்லூரி மாணவர்கள் இரண்டு பேர் இருந்தால் நிம்மதி. மே மாத வெயிலில் காலை 10 மணியிலிருந்து 12.30 வரைதான் பிள்ளைகள் தாங்குவார்கள்.

இடத்துக்கு என் முதல் தேர்வு ஊர்க் கிளை நூலகம். நூலகரையும் வாசகர் வட்டத்தாரையும் ஒரு முறை நேரில் பார்த்துப் பேசுங்கள், பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அடுத்து அரசுப் பள்ளி வகுப்பறை. மண்டபம், சமுதாயக் கூடம் என்று யோசித்தால், ஊரின் எல்லாத் தெருப் பிள்ளைகளும் தயங்காமல் உள்ளே வந்து உட்காரக்கூடிய இடமா என்று முதலில் பாருங்கள். அப்படி இல்லையென்றால் எவ்வளவு வசதியான இடமானாலும் விட்டுவிடுங்கள், ஒரு வேப்பமரத்தடி போதும். அழைப்பையும் வாட்ஸ்ஆப்பில் போட்டதோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தெருவுக்கும் நடந்து போய்ச் சொல்லுங்கள். போன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குத்தான் இந்த ஐந்து நாள் அதிகம் தேவைப்படும். பெண் பிள்ளைகள் போகக்கூடிய கழிப்பறையும் குடிதண்ணீரும் கட்டாயம்.

வாங்க வேண்டியது குறைவு: ஏ4 தாள் ஒரு கட்டு, பென்சில், ரப்பர், கறுப்பு மைப் பேனா, கிரேயான், நாலைந்து கத்தரிக்கோல், உட்கார ஜமுக்காளம். இடைவேளைக்குச் சுண்டலோ வாழைப்பழமோ. பெற்றோரிடம் ஒரு தாளில் போன் நம்பர், பிள்ளைக்கு ஒத்துக்கொள்ளாத உணவு, படம் எடுக்கச் சம்மதமா என்பது, இந்த மூன்றையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

முதல் நாள்: உம் கொட்டப் பழக்குவது

எல்லோரும் வட்டமாகத் தரையில் உட்காருங்கள், நீங்களும்தான். நாற்காலி போட்டு உட்கார்ந்த பெரியவரிடம் பிள்ளை பதில் சொல்லும், கதை சொல்லாது. பெயர்ச் சுற்றில் பெயரும் தனக்குப் பிடித்த ஒரு சத்தமும் போதும். ஒருவர் "குக்கர் விசில்" என்பார், ஒருவர் பக்கத்து வீட்டுச் சேவல் மாதிரிக் கூவுவார். எந்தத் தெரு, அப்பா என்ன வேலை, எத்தனையாவது ரேங்க் என்று கேட்கவே கூடாது. கேட்ட அந்த நொடியிலேயே பிள்ளைகள் மேலே கீழே என்று பிரிந்துவிடுவார்கள். பிறகு அதை ஒட்ட வைக்க ஐந்து நாள் போதாது.

அடுத்து, கேட்கப் பழக்க வேண்டும். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது யாராவது ஒருவர் 'உம்' கொட்டியாக வேண்டும், இல்லையென்றால் கதை நின்றுபோகும். வில்லுப்பாட்டில் இந்த வேலையைப் பக்கப்பாட்டுக்காரர் 'ஆமா' போட்டுச் செய்கிறார். பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, ஒருவர் காலையில் எழுந்ததிலிருந்து இங்கே வந்தது வரை சொல்ல, மற்றவர் 'உம்' மட்டும் கொட்டட்டும். இரண்டு நிமிடம் கழித்து மாற்றிக்கொள்ளலாம். ஆர்வமான இடத்தில் 'உம்' சத்தமாக வரும், சலித்த இடத்தில் தேய்ந்துபோகும். எந்த இடத்தில் கதை தொய்கிறது என்று சொல்பவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். நீங்கள் விளக்கவே வேண்டாம்.

பிறகு நீங்கள் ஒரு கதை சொல்லலாம், ஐந்து நாளில் இது ஒன்றுதான். நான் சிபாரிசு செய்வது எல்லோருக்கும் தெரிந்த கொழுக்கட்டைக் கதையை. மாமியார் வீட்டில் முதன்முதலாகக் கொழுக்கட்டை தின்ற மாப்பிள்ளை, பெயர் மறந்துவிடக் கூடாதென்று "கொழுக்கட்டை, கொழுக்கட்டை" என்று சொல்லிக்கொண்டே ஊருக்கு நடக்கிறான். வழியில் ஒரு வாய்க்கால். "அத்திரிபாச்சா" என்று ஒரே தாண்டு. அதிலிருந்து வாயில் "அத்திரிபாச்சா, அத்திரிபாச்சா" என்றே வருகிறது. வீட்டுக்கு வந்து பெண்டாட்டியிடம் அத்திரிபாச்சா செய்யச் சொல்கிறான். பிள்ளைகளை எழுப்பி அறையைச் சுற்றி நடக்க வையுங்கள், ஜமுக்காளத்தின் ஓரத்தை வாய்க்காலாக்கித் தாண்ட வையுங்கள்.

வழக்கமான முடிவில் அவன் பெண்டாட்டியை அடிப்பான், நெற்றி கொழுக்கட்டையாக வீங்கும், அதைப் பார்த்து யாரோ சொல்ல, பெயர் ஞாபகம் வரும். அந்த முடிவை நான் சொல்வதில்லை. அதற்காக இதமான வேறு முடிவு தயாரித்துக் கொடுக்கவும் வேண்டாம். பெண்டாட்டி "அத்திரிபாச்சான்னா என்னாங்க?" என்று கேட்கும் இடத்தில் நிறுத்தி, "இப்ப அவனுக்கு அந்தப் பேரு எப்படித் திரும்பக் கிடைக்கும்?" என்று பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். திரும்பி நடந்து போய் வாய்க்காலைப் பின்பக்கமாகத் தாண்டுவான் என்று ஒரு பிள்ளை சொல்லும். பெண்டாட்டி ஊரில் உள்ள பலகாரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் செய்து பார்ப்பாள் என்று இன்னொரு பிள்ளை சொல்லும். அன்றைக்குப் பட்டறை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இரண்டாம் நாள்: இரண்டு சொல், ஒரு உருபு

"உனக்குப் பிடிச்ச கதை ஒண்ணு எழுது" என்றால் பிள்ளைகள் சிங்கமும் முயலும் எழுதுவார்கள், அல்லது நேற்று டிவியில் பார்த்ததை. வெறும் தாள் பெரியவர்களையே மிரட்டும். இதற்கு ஒரு வழியைக் காட்டியவர் இத்தாலிய எழுத்தாளர் ஜானி ரோடாரி. 1972இல் ரெஜ்ஜியோ எமிலியா நகரத்து ஆசிரியர்களோடு அமர்ந்து அவர் விளக்கிய உத்திகளில் இதுவும் ஒன்று: ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு சொற்களை எடுத்து முட்ட வைப்பது. அவர் சொன்ன உதாரணம் நாயும் அலமாரியும்.

நம் மொழியில் இது இன்னும் நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் நம்மிடம் வேற்றுமை உருபுகள் இருக்கின்றன. பள்ளியில் ஐ, ஆல், கு என்று மனப்பாடம் செய்து அலுத்துப்போன அதே உருபுகள்தான். இரண்டு பிள்ளைகளை முதுகுக்கு முதுகு உட்கார வைத்து, ஆளுக்கொரு பொருளின் பெயரைத் துண்டுச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் 'செருப்பு', மற்றவர் 'கிணறு' என்று எழுதியதாக வைத்துக்கொள்வோம். இப்போது உருபுகளை மாட்டிப் பாருங்கள். கிணற்றில் செருப்பு: இது தினமும் நடப்பது, கதை கொஞ்சம்தான். செருப்புக்குள் கிணறு: பரவாயில்லை. செருப்போடு கிணறு: பிள்ளைகள் சிரிக்கத் தொடங்குவார்கள். கிணற்றுக்குச் செருப்பு: இங்கேதான் கதை. கிணற்றுக்கு யார் செருப்புத் தைத்தார்கள்? என்ன அளவு? செருப்பு எதற்கு, அது எங்கே போகப் போகிறது?

உருபுகளைத் தனித்தனி அட்டையில் எழுதி வைத்துக்கொண்டு பிள்ளைகளையே மாட்டிப் பார்க்கச் சொல்லலாம். அட்டையில் 'உடைய', 'இலிருந்து' என்பதோடு 'கிட்ட', 'மேல', 'இல்லாத' போன்றவற்றையும் சேருங்கள். இலக்கணப்படி எல்லாம் உருபு இல்லைதான், ஆனால் நாம் இங்கே இலக்கணத் தேர்வு வைக்கவில்லை. "இல்லாத" என்ற அட்டை மட்டும் அரை மணி நேரத்துக்கு வேலை கொடுக்கும்.

ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஒரு சேர்க்கையைத் தேர்ந்தெடுத்துப் படமாக வரைந்து வைப்பதோடு இரண்டாம் நாள் முடியட்டும். படம் வரையும்போதே பாதிக் கதை உருவாகிவிடும்.

மூன்றாம் நாள்: சொல்லச் சொல்ல எழுதுவது

பட்டறையின் உயிர் இந்த நாள்தான். பிள்ளை கதை சொல்லும், நீங்கள் எழுதுவீர்கள். எழுதத் தெரிந்த பிள்ளையானாலும் முதலில் சொல்லட்டும். கை மெதுவாகப் போகும், வாய் வேகமாகப் போகும். கையைக் கொடுத்தால் மூன்று வரியில் "நன்றி, வணக்கம்" என்று முடித்துவிடுவார்கள்.

சிகாகோவில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆசிரியராக இருந்த விவியன் பேலி பல ஆண்டுகள் இதை வகுப்பறையில் செய்து காட்டினார். பிள்ளை சொன்னதைச் சொல் மாறாமல் எழுதுவது, ஒரு பக்கத்தோடு நிறுத்துவது, அன்றைக்கே அதை வகுப்பில் நடித்துப் பார்ப்பது என்பது அவர் முறை. ஆளுக்கு ஆறு நிமிடம் என்றால் 20 பேருக்கு இரண்டு மணி நேரம். எழுத நான்கு பேர் இருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். கல்லூரி மாணவர்கள் வேண்டும் என்று சொன்னது இதற்குத்தான்.

சொல் மாறாமல் என்றால், பேச்சு வழக்கும் மாறாமல். 'கெணறு' என்றால் 'கெணறு'. 'போயிருச்சு' என்றால் 'போயிருச்சு'. தன் வீட்டுப் பேச்சு தாளில் ஏறும் என்பது பல பிள்ளைகளுக்கு அதுவரை தெரியாது. "தப்புத் தப்பா எழுதிக் கொடுத்திருக்கீங்களே" என்று பெற்றோர் சிலர் வருத்தப்படுவார்கள். அவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லுங்கள்: கரிசல்காட்டுப் பேச்சிலேயே எழுதிய கி. ராஜநாராயணனுக்குத்தான் 1991இல் சாகித்ய அகாதமி விருது கொடுத்தார்கள். எழுத்துத் தமிழைப் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கும். இங்கே பிள்ளை தன் குரலைக் கேட்கட்டும்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி 'கிணற்றுக்குச் செருப்பு' எடுத்துக்கொண்டு சொன்னதை இங்கே தருகிறேன்.

"எங்க ஊருக் கெணத்துக்கு ஒரு காலுதான். அதனால அதுக்கு ஒத்தச் செருப்பு போதும். இன்னொரு செருப்ப எங்க ஆயா போட்டுக்கிச்சு. கெணறு ராத்திரி நொண்டியடிச்சு நொண்டியடிச்சு ஏரிக்குப் போயிருச்சு."

இங்கே நின்றுவிட்டாள். எழுதுபவர் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டார்.

"காலைல எல்லாரும் கொடத்த எடுத்துக்கினு வந்தாங்க. அங்க பள்ளங்கூட இல்ல."

மறுபடி மௌனம். இந்த இடத்தில்தான் பெரியவர்களுக்கு நாக்கு அரிக்கும். "தண்ணியை வீணாக்கினதாலதான் கெணறு கோச்சுக்கிட்டுப் போயிருச்சா?" என்று கேட்டுவிட்டால் போதும், பிள்ளை "ஆமா" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடும். கதை உங்களுடையதாகிவிடும். எழுதியவர் அப்படிக் கேட்கவில்லை. கதையிலேயே விட்டுப்போன ஆளைத் தேடினார்: "அப்ப ஆயா எங்க?"

"ஆயாவும் காணோம். ரெண்டு பேரும் ஒரே ஜோடிச் செருப்பு போட்டிருந்தாங்கல்ல, அது சேந்துதான போவும்."

நீர்ச் சிக்கனம் பற்றி எந்தக் கட்டுரையும் இந்த வரியைப் பெற்றிருக்காது. எழுதுகிறவர்களுக்கு முந்தின நாளே சொல்லி வையுங்கள்: கேட்கலாம் என்றால் மூன்று கேள்விதான். "அப்புறம்?" "அது எப்படி இருந்துச்சு?" "அப்ப அவங்க எங்க இருந்தாங்க?" ஏன் என்று கேட்டால் பிள்ளை காரணம் தேடத் தொடங்கிவிடும், கதை நின்றுவிடும். எழுதி முடித்ததும் மெதுவாக வாசித்துக் காட்டி, "மாத்தணுமா?" என்று கேளுங்கள். மாற்றும் உரிமை அந்தப் பிள்ளைக்கு மட்டும்.

பேசவே பேசாத பிள்ளை ஒன்றிரண்டு எல்லாக் குழுவிலும் இருக்கும். வற்புறுத்த வேண்டாம். அது வரைந்த படத்தைக் காட்டி "இது யாரு?" என்று கேளுங்கள். பதில் ஒரு சொல்லாக இருந்தாலும் எழுதுங்கள். நான்கு சொல்லில் கதை சொன்னாலும் அது கதைதான், அதையும் நடிப்போம். கார்ட்டூனையே திருப்பிச் சொல்லும் பிள்ளையையும் தடுக்காதீர்கள். "அவங்க நம்ம ஊரு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும்.

நான்காம் நாள்: நடிப்பு, புத்தகம்

தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய சதுரம் போடுங்கள், அதுதான் மேடை. கதைக்காரப் பிள்ளை தான் எந்த வேடம் என்று முதலில் சொல்லும். மற்ற வேடங்களை வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் வரிசைப்படி கொடுங்கள். நண்பர்களையே கூப்பிடுவதும் சிலரை ஒதுக்குவதும் இதனால் தானாக நின்றுவிடும். நீங்கள் எழுதியதை வாசிக்க வாசிக்க அவர்கள் நடிப்பார்கள். ஒத்திகை வேண்டாம், வேஷம் வேண்டாம். கிணறாக நிற்பது எப்படி என்று ஒரு பையன் யோசிக்கிற அந்த நேரம்தான் முக்கியம். ஒரு கதைக்கு மூன்று நிமிடம்.

இடைவேளைக்குப் பிறகு புத்தகம். ஒரே ஏ4 தாளில் எட்டுப் பக்கம் வரும், பசையும் ஸ்டேப்ளரும் வேண்டாம். தாளைப் படுக்கையாக வைத்து இடது ஓரமும் வலது ஓரமும் சேர மடியுங்கள், அதே திசையில் இன்னொரு முறை மடியுங்கள், பிறகு மேலிருந்து கீழாக ஒரு முறை. விரித்தால் எட்டுக் கட்டம் தெரியும். இப்போது முதல் மடிப்பை மட்டும் மீண்டும் மடித்து, மடிப்பு இருக்கும் பக்கத்திலிருந்து நடுக்கோட்டில் பாதித் தூரம் வரை வெட்டுங்கள். விரித்தால் தாளின் நடுவில் மட்டும் ஒரு கீறல் இருக்கும். தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு முனைகளையும் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் கீறல் வாய் திறக்கும். அப்படியே சுற்றி மடக்கினால் கைக்குள் அடங்கும் புத்தகம்.

மடித்த பிறகுதான் பென்சிலால் பக்க எண் போட வேண்டும், இல்லையென்றால் பாதிப் பக்கங்கள் தலைகீழாகிவிடும். முன்னட்டை, பின்னட்டை போக ஆறு பக்கம். பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி. எங்கே பக்கம் திருப்பினால் நன்றாக இருக்கும் என்று பிள்ளையோடு பேசுங்கள். குடத்தோடு ஊர் வந்து நிற்பது ஒரு பக்கம், "பள்ளங்கூட இல்ல" அடுத்த பக்கம். கதை அமைப்பு பற்றி இதற்கு மேல் பாடம் நடத்த வேண்டியதில்லை. எழுத்தைக் கறுப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பக்கமும் தாளின் ஒரே பக்கத்தில் இருப்பதால், விரித்து ஜெராக்ஸ் எடுத்தால் எத்தனை பிரதி வேண்டுமானாலும் கிடைக்கும்.

பதின்வயதினருக்கு

சேவல் மாதிரிக் கூவச் சொன்னால் இவர்கள் மறுநாள் வர மாட்டார்கள். இவர்களுக்கு நிஜமான வேலை கொடுங்கள்: ஊரின் கதைகளைச் சேகரிப்பது. இந்த ஏரிக்கு ஏன் இந்தப் பெயர், அந்தப் புளியமரத்தடியில் என்ன நடந்தது என்று வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டு, அவர் சம்மதத்தோடு போனில் பதிவு செய்து வரட்டும். "அந்தக் காலம் எப்படி இருந்துச்சு பாட்டி?" என்று கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்று முடிந்துவிடும். "கல்யாணம் ஆகி இந்த ஊருக்கு எந்த வண்டியில வந்தீங்க? கையில என்ன வெச்சிருந்தீங்க?" என்று கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்.

பதிவில் இரண்டு நிமிடத்தை மட்டும் எழுத்தாக்கச் சொல்லுங்கள். கேட்டு நிறுத்தி எழுத அதற்கே நேரம் பிடிக்கும், அந்த உழைப்பில்தான் பேச்சின் தாளம் காதில் ஏறும். அடுத்து அதே சம்பவத்தை வேறொருவர் வாயால் சொல்ல வேண்டும்: வண்டிக்காரர், கூட வந்த தங்கை, வண்டியில் கட்டியிருந்த மாடு. பிறந்த வீட்டிலிருந்து வந்தவளின் கதையையும் அவளை அழைத்து வந்தவரின் கதையையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, பதினைந்து வயதுப் பையன்கள் சட்டென்று அமைதியாவதைப் பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "உன் வாழ்க்கையின் பெரிய சோகத்தை எழுது" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அறைக்கு வெளியே போனபின் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நீங்கள் இருக்க மாட்டீர்கள். கேட்காமலே ஒரு பிள்ளை தனக்கு நடந்த கொடுமையை எழுதினால், அதைக் குழுவில் வாசிக்க வைக்காதீர்கள், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்கும் கொடுக்காதீர்கள். 18 வயதுக்கு உட்பட்டவர் மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்பது 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி கட்டாயம். குழந்தைகள் உதவி எண் 1098. எந்தப் பிள்ளையோடும் பெரியவர் எவரும் மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது. பிள்ளைகள் சொல்வதை எழுத வரும் கல்லூரி மாணவர்களும் இந்த விதிகளை முதல் நாளுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாளும் அதற்குப் பிறகும்

கடைசி நாள் பெற்றோர் வருவார்கள். சிறப்பு விருந்தினர் உரை வேண்டாம், நேரம் பிள்ளைகளுடையது. முதல் பரிசு, இரண்டாம் பரிசும் வேண்டவே வேண்டாம். பரிசு கொடுத்தால் 3 பேர் மகிழ்ச்சியாகவும் 17 பேர் தங்கள் கதை மட்டம் என்ற நினைப்போடும் போவார்கள். நான்கைந்து மூலையில் ஜமுக்காளம் விரித்து, ஒவ்வொன்றிலும் நான்கு பிள்ளைகள் தங்கள் புத்தகத்தை வாசித்துக் காட்டட்டும், பெரியவர்கள் சுற்றி வந்து உட்கார்ந்து 'உம்' கொட்டட்டும். மைக் இல்லாததால் சின்னக் குரலும் கேட்கும். ஒவ்வொரு கதையும் "கதை முடிஞ்சுது, கத்திரிக்கா காய்ச்சுது" என்று முடிந்தால் கூட்டமும் சேர்ந்து சொல்லும்.

ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி நூலகத்துக்கு. நூலகரிடம் பேசி ஒரு தட்டு வாங்கிவிடுங்கள். பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்ற நான்கு நிலைகளில் அரசுப் பள்ளிகளுக்கு வந்திருக்கின்றன. ஆசிரியர் சம்மதித்தால் அவற்றின் பக்கத்திலேயே பிள்ளைகளின் புத்தகங்களையும் தொங்கவிடலாம். இணையத்தில் வைக்க விரும்பினால், பிள்ளைகளுக்கான புத்தகங்களை வெளியிடும் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழிலேயே கதை உருவாக்கலாம். அங்கே வெளியாவது பொதுப் பயன்பாட்டு உரிமத்தில் போகும், யாரும் எடுத்து அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம். இதைப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் புரியச் சொல்லி எழுத்தில் சம்மதம் வாங்கிய பிறகே ஏற்றுங்கள். பிள்ளையின் முதல் பெயர் போதும், பள்ளியும் ஊரும் போட வேண்டாம்.